கோள்மூட்டி மாத்திரை

காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதை வேலுத்தாய் விட்டு ரொம்ப நாளாயிற்று. இப்போதெல்லாம் முதலில் செல்போனைத்தான் பார்ப்பாள். அதில் பத்துப் புள்ளிகள் இருக்கும். தெருவில் உள்ள பெண்கள் மாத்திரையை விழுங்க விழுங்க, சாம்பல் நிறத்தில் இருக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். பத்தும் பச்சையாகும்வரை அவளுக்குக் காப்பித் தண்ணிகூடத் தொண்டையில் இறங்காது.

அன்று ஒன்பதுதான் பச்சை. ஒன்று சாம்பலாகவே கிடந்தது. யாருடையது என்று தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"மறுபடியும் உலகம்மாதான்" என்று கட்டிலில் படுத்திருந்த கணவர் அய்யாத்துரையிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

"காலங்காத்தால சண்டைக்குப் போகாத வேலு. பக்குவமாச் சொல்லு."

"பக்குவமாச் சொல்லிக்கிட்டே இருந்தா உங்க இடம் போயிரும். பரவாயில்லையா?"

அய்யாத்துரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். லாரியில் பாரம் ஏற்றி இறக்கிய மனிதர், இப்போது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுக் கட்டிலோடு கிடக்கிறார். வாரத்தில் இரண்டு தடவை தாலுகா ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் உயிரோடு இருப்பார். வராவிட்டால் இருக்க மாட்டார். அந்த மெஷினுக்குக் காத்திருந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறவர்களின் வீட்டு ஆட்களுக்குத்தான் முதல் இடம் என்று அரசாங்கத்தின் சீர்மைத் திட்டத்தில் விதி வைத்திருந்தார்கள்.

திட்டம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தும் பார்த்தது. நம் ஜனம் லேசுப்பட்டதா? தலைசுற்றல் நிற்கிறவரைக்கும் போடுவார்கள். நின்றதும் சுவாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மறந்துவிடும், அமாவாசை விரதம் என்றால் மாத்திரைக்கும் சேர்த்தே விரதம். ஊரில் பாதிப் பேருக்குக் கொதிப்பு, அதில் பாதிப் பேருக்குக் கையோ காலோ வாயோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்போதுதான் இந்தப் புது மாத்திரை வந்தது. உள்ளே கடுகில் பாதி அளவுக்கு ஒரு சில்லு. வயிற்றில் கரைந்ததும் அது ஒரு சமிக்ஞை கொடுக்கும். காறை எலும்புக்குக் கீழே தோலில் ஒட்டியிருக்கும் பொட்டு மாதிரியான கருவி அதைக் கேட்டு மேலே சொல்லிவிடும். அவரவர் மாத்திரை அவரவர் பொட்டுக்கு மட்டும்தான் பேசும். கூரை மேல் எறிந்தாலும் கோழிக்குப் போட்டாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கோள்மூட்டி.

அப்படியும் சிலர் ஏமாற்றினார்கள். உடனே திட்டக்காரர்கள், ஒருத்தி கடன் கட்டாவிட்டால் எல்லாரும் பொறுப்பு என்று மகளிர் குழுக்களில் இருந்த வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மாத்திரைக்கு மாட்டிவிட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கொத்து. ஒருத்தி தவறினால் பத்துப் பேருக்கும் அடி. பச்சைக் கொத்து மஞ்சளானால் சலுகை எல்லாம் போகும். சிவப்பானால் கதவையே சாத்திவிடுவார்கள். யார் யோசித்தார்களோ, மனித மனதை நன்றாகவே படித்தவர்கள். அன்றிலிருந்து ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை, எல்லாரும் ஒழுங்காக மாத்திரை விழுங்கினார்கள்.

வேலுத்தாய் தன் கொத்துக்குத் தலைவி. அவள் கொத்து ஒருமுறைகூட மஞ்சளானதில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற முகாம் நாள் வந்தால் பொழுது விடிவதற்குள் வீடு வீடாகப் போய், யாரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது, வெறும் வயிற்றில் வரவேண்டும், ரத்தம் கொடுத்த பிறகுதான் சோறும் மாத்திரையும் என்று அதட்டிவிட்டு வருவாள். மற்றக் கொத்துக்காரிகள் இட்லியைத் தின்றுவிட்டு வந்து திட்டு வாங்குவார்கள். அவளுடைய பெண்கள் வாங்கியதே இல்லை.

உலகம்மாள் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகிற சேலை. உள்ளங்கையில் மாத்திரை. பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர்.

"என்னட்டி, கையில வச்சு அழகு பாக்குற?"

"மதினி, கோவப்படாம கேளுங்க. இதைப் போட்டா எந்திரிச்சு நிக்க முடியல. உக்காந்திருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல. எந்திரிச்சதும் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நேத்து பாகுச்சட்டிப் பக்கத்துல நிக்கும்போது சட்டியே எம்மேல சாயற மாதிரி இருந்துச்சு. கரண்டியப் போட்டுட்டுத் தூணைப் புடிச்சுக்கிட்டேன்."

உலகம்மாளுக்குக் கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிற வேலை. ஆள் உயரத்துக்கு நெருப்பு அனல் அடிக்கும் இடம். புருஷன் செத்துப் போய், ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். பாகுப் பதம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் முதலாளி அவளை வேறு இடத்துக்கு மாற்றவும் மாட்டார்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"போன முகாம்ல அளவைக் கூட்டுனாகள்ல, அதுலருந்துதான். அதுக்கு முந்துன முகாம்லயும் கூட்டுனாக. ரெண்டும் சேந்து என்னைய ஆட்டுது."

வேலுத்தாய்க்கும் அந்த இருட்டு தெரியும். குழாயடியில் குனிந்து குடத்தைத் தூக்கி நிமிரும்போது அவளுக்கும் ஒரு கணம் எல்லாம் கறுத்துப் போகும். வயசாகிறது என்று நினைத்துக்கொள்வாள். கொத்தில் பத்துப் பேருக்குமே அளவைக் கூட்டியிருந்தார்கள். ஆனால் தலைவியே வாயைத் திறந்தால் மற்றவர்களும் ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவள் மூச்சு விடவில்லை.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் உலகு. ஒரு நாள் விட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? எங்க வீட்டுக்காரர் இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாக. இந்த உடம்போட நாலு நாள் தாங்குவாகளா?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. அது நடிப்பில்லை. பயம் அவளை அந்த அளவுக்குப் பிடித்து வைத்திருந்தது.

உலகம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"அண்ணனுக்காகத்தான் மதினி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பத்தாவது புள்ளியும் பச்சையானது. வேலுத்தாய் வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காப்பி போட்டாள்.

இருந்தாலும் மனது கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே உலகம்மாளைக் கூட்டிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே திட்டத்தின் களப்பணியாளர் ஜெபமலர் இருந்தாள். நல்ல பெண். யாரையும் கடிந்து பேச மாட்டாள். ஏழெட்டு ஊர்க் கொத்துகளையும் அவள் ஒருத்தியே கட்டி மேய்க்க வேண்டியிருந்ததால் அவளுக்கு எப்போதும் தூக்கக் கலக்கம்.

"அளவைக் குறைக்க முடியுமாம்மா? இவளால நிக்க முடியல" என்றாள் வேலுத்தாய்.

"நான் குறைக்க முடியாதுக்கா. பெட்டிதான் முடிவு பண்ணும்." மூலையில் மூடிபோட்டு வைத்திருந்த முகாம் கருவியைக் காட்டினாள் ஜெபமலர். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா முகாம்ல பிரஷர் பாக்கோம்ல, அதையும் நீங்க மாத்திரை போட்ட கணக்கையும் சேத்து வச்சு அதுவே அளவு சொல்லும். இவங்க ஒரு நாள்கூட விடாமப் போட்டிருக்காங்க. அப்படியும் முகாம்ல பிரஷர் கூடுதலா இருந்துச்சு. அப்ப மாத்திரை பத்தலைன்னுதானே அர்த்தம்? அதான் கூட்டிருச்சு."

"இந்தப் பொட்டு பிரஷர் பாக்காதா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"பாக்காதும்மா. அதுக்கு மாத்திரை விழுந்த சத்தம் மட்டுந்தான் கேக்கும். பிரஷரும் பாக்குற பொட்டு இருக்கு, அது வெலை ஜாஸ்தி. நமக்கு வராது."

"அப்ப அடுத்த முகாம் வரைக்கும் நிறுத்தி வைக்கட்டா?"

ஜெபமலர் தயங்கினாள். "நிறுத்துனா முறிவுன்னு விழும். என்ன காரணம்னு எழுத இடமே கிடையாது, பாத்துக்கோங்க. முறிவுன்னா முறிவுதான். கொத்து மஞ்சளாயிரும்." அவள் வேலுத்தாயைப் பார்த்தாள். அய்யாத்துரை விஷயம் அவளுக்கும் தெரியும். "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்கக்கா. உடம்பு பழகிக்கும்."

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் உலகம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து, "அண்ணனுக்கு இனிப்பு ஆகுமா?" என்று கேட்டாள். ஆகாது என்றாள் வேலுத்தாய். அவர்கள் இரண்டு பேருமே அதைப் பிட்டுத் தின்றார்கள்.

அதன்பிறகு உலகம்மாளின் புள்ளி ஒரு நாளும் தாமதிக்கவில்லை. முதல் ஆளாகப் பச்சையானது. வேலுத்தாய் அவளைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டாள்.

தை பிறந்து வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் கம்பெனியில் அது நடந்தது. உட்கார்ந்து விறகு தள்ளிவிட்டு உலகம்மாள் எழுந்திருக்கிறாள். எழுந்தவள் அப்படியே முன்பக்கமாகச் சரிந்திருக்கிறாள். பாகு அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தது. அதற்குமேல் அதைச் சொல்ல இந்தக் கதைக்குத் தெம்பில்லை. தண்ணீர் ஊற்றினால் போகிற பொருளா பாகு? கம்பெனி நர்ஸம்மா ஓடிவந்து பிரஷர் பார்க்க, உடன் வேலை செய்த பெண்கள் அவளைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். வேலுத்தாய்க்குச் சேதி வந்து அவள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது உலகம்மாளுக்கு நினைவு இல்லை. பொழுது சாய்வதற்குள் உயிரும் போய்விட்டது.

வார்டு வாசலில் கூடி நின்ற கொத்துப் பெண்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கொதிப்பு ஏறித்தான் விழுந்துருக்கா."

"முந்தி ஒருநா மாத்திரை வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்தா. எப்படியோ ஏமாத்தியிருக்கா."

"எம்மா, நான் ஒரு வேளையும் விட மாட்டேன்பா. பயமா இருக்கு."

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருந்த டாக்டர் அன்வர் வெளியே வந்து, இந்த அம்மாவின் மாத்திரை விவரம் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். சின்ன வயசுக்காரர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வேலுத்தாய் முன்னால் போய்ச் செல்போனில் கணக்கைக் காட்டினாள். அவர் அவளை உள்ளே ஒரு மேசைக்கு அழைத்துப் போனார்.

"ஒரு நாள்கூட விடலையே!" என்றார் ஆச்சரியமாக.

"எங்க கொத்துல யாரும் விட மாட்டாக சார்."

"அதுதான் எனக்கு இடிக்குது. இவங்க விழுந்த உடனே கம்பெனி நர்ஸம்மா கையில இருந்த கருவில பிரஷர் பாத்திருக்காங்க. ரொம்பக் குறைவு. கொதிப்பு ஏறி விழலம்மா, இறங்கி விழுந்திருக்காங்க. இவங்க உடம்புக்கு இது ரெண்டு பங்கு மருந்து. யாரு இவ்வளவு ஏத்துனது?"

"பெட்டி சார். முகாம்ல கூடுதலா இருந்துச்சாம்."

"முகாம் அன்னைக்கு மாத்திரை போட்டிருக்காங்கன்னு இதுல இருக்கே. போட்டும் எப்படிக் கூடும்?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டவர், திடீரென்று நிமிர்ந்தார். "முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி போட்டாங்களா, பின்னாடி போட்டாங்களா?"

வேலுத்தாய்க்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "வெறும் வயித்துலல்ல சார் போகணும்? ரத்தம் குடுத்துட்டு வந்து சாப்பிட்டுத்தான் மாத்திரை."

டாக்டர் செல்போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சர்க்கரை பாக்கத்தாம்மா வெறும் வயிறு. ஒரு மடக்குத் தண்ணியில பிரஷர் மாத்திரையப் போட்டுட்டுப் போகலாம், போகணும். நேத்துப் போட்ட மாத்திரையோட பலம் தீர்ந்துபோய், பசியோட வெயில்ல வரிசையில நின்னா யாருக்கும் கூடத்தான் செய்யும். சாயங்காலம் கணக்கைப் பாத்தா 'இன்னைக்குப் போட்டாச்சு'ன்னு இருக்கும். பெட்டிக்கு என்ன தெரியும்? மாத்திரை போட்டும் கேக்கலைன்னு நினைச்சு முகாமுக்கு முகாம் ஏத்திக்கிட்டே போயிருக்கு. முன்னாடி ஜனங்க அரையும் குறையுமாப் போட்டாங்க, இந்தத் தப்பு யாரையும் கொல்லல. இப்ப ஒரு நாள் விடாமப் போடுறீங்க." அவர் குரல் தாழ்ந்தது. "வெறும் வயித்துல வாங்கன்னு மாத்திரையையும் சேத்து நிறுத்தச் சொன்னது யாரு?"

விடியற்காலை ஒவ்வொரு வாசலாக நின்று அதட்டிய தன் குரல் வேலுத்தாய்க்கே கேட்டது.

"எல்லாரும் அப்படித்தான் சார் போவாக" என்றாள்.

"அப்ப உங்க பத்துப் பேருக்குமே அளவு தப்பாத்தான் இருக்கும். தலைவிங்கிற முறையில நீங்க இதை எழுத்துல குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பி அளவைத் திரும்பப் பாக்கச் சொல்லுவேன். உங்களுக்கும் தலை சுத்துதா?"

"எழுதிக் குடுத்தா கொத்து என்னாகும் சார்?"

அவர் மறைக்கவில்லை. "முகாம் விதி மீறல்னு எடுப்பாங்க. விசாரணை முடியிற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க. அது மாசக் கணக்கா ஆகலாம். ஆனா உயிருக்கு முன்னாடி அது பெரிசா?"

எந்த உயிருக்கு முன்னால் என்று வேலுத்தாய் கேட்க நினைத்தாள். நாளைக்கு அய்யாத்துரைக்கு மெஷின் நாள். மாசக் கணக்கு என்ன, இரண்டு வாரம் நின்றாலே அவர் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவள் கண் முன்னாலேயே போய்விடுவார்.

"எனக்கு ஒண்ணும் சுத்தல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எழும்போது கண் இருட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்தார். அதற்குள் வேறொரு ஆட்டோ வந்து நிற்க, அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் அய்யாத்துரை விழித்திருந்தார். உலகம்மாளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் அழுததைப் பார்க்க வேலுத்தாயால் முடியவில்லை.

"எப்படி விழுந்துச்சாம்?"

"கொதிப்பு ஏறியிருக்கும்னு சொல்லுதாக."

"மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான போட்டுச்சு?"

"அது யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். புருஷனிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான். இறந்தவளின் பேரில் பழியைப் போட்டுவிட்டு அவருக்குக் கஞ்சி கரைத்தாள். நினைவு எங்கோ இருந்ததில் உப்பு கூடிப்போனது. உப்பு அவருக்கு ஆகாது என்பதால் அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் கரைத்தாள்.

மூன்றாம் நாள் செல்போனில் திட்டத்திலிருந்து சேதி வந்தது. கொத்தில் ஓர் இடம் காலி. அடுத்த முகாமுக்குள் நிரப்பாவிட்டால் கொத்து குறைக்கொத்தாகி மஞ்சளுக்குப் போகும். தகுதி: முப்பது வயதுக்கு மேல், முகாம் அளவீட்டில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். தெருவில் கொதிப்பு இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஏதாவதொரு கொத்தில் இருந்தார்கள். இல்லாதவர்களைக் கொதிப்புக்காரர்களாக்க வேலுத்தாயிடம் வழி இல்லை.

முகாம் உலகம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் வந்தது. வேலுத்தாய் வழக்கம்போல விடியும் முன்பே கிளம்பினாள். ஆனால் இந்தத் தடவை வாசல் வாசலாக நின்று வேறு மாதிரி சொன்னாள்: "சோறு வேண்டாம். மாத்திரைய மட்டும் ஒரு மடக்குத் தண்ணியில இப்பவே போட்டுட்டு வாங்க." பெண்கள் விழித்தார்கள். தலைவி சொன்னால் சரி என்று போட்டுக்கொண்டார்கள். இனி பிரஷர் இறங்கித் தெரியும், பெட்டி தானாகவே அளவைக் குறைத்துவிடும், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். பல நாள் கழித்து அன்றுதான் அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

வேலுத்தாயின் தெருவிலேயே போட்டிருந்த முகாம் பந்தலில் ஜெபமலர் ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். ஒன்பது பேரும் முடிந்ததும் அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

"அக்கா, எல்லாருக்கும் அருமையா இருக்கு! நான் இந்த மாதிரி ஒரு கொத்தைப் பாத்ததே இல்ல."

"அப்ப அளவைக் குறைச்சிருச்சா?"

"குறைக்கிறதா? எதுக்கு? இந்த அளவு உங்களுக்குச் சரியா வேலை செய்யுதுன்னு காட்டுது. 'இதே அளவு தொடரவும்'னு போட்டிருக்கு. மாவட்டத்துக்கே முன்மாதிரின்னு உங்க பேரைத்தான் அனுப்பப் போறேன்."

"நின்னா சுத்துதும்மா" என்றாள் வேலுத்தாய். "நிக்க வச்சுப் பாரேன்."

"பெட்டிக்கு உக்காந்து எடுக்குற அளவுதான்க்கா வேணும். நிக்க வச்சு எடுத்தா அதுல ஏத்தவே முடியாது." ஜெபமலர் குரலைத் தணித்தாள். "ஏன்க்கா, ஏதாச்சும் பிரச்சினையா? முறையா எழுதணும்னா எழுதலாம். ஆனா எதனாலன்னு முதல்லருந்து சொல்லணும்."

முதலிலிருந்து. அய்யாத்துரையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேன் அந்த நேரத்தில் தெருமுனையில் திரும்பியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லம்மா. கேட்டேன்" என்றாள் வேலுத்தாய்.

"சரி, பத்தாவது ஆள் யாரு? இன்னைக்கு விட்டா மஞ்சள்தான்க்கா."

வரிசையின் கடைசியில் உலகம்மாளின் மகள், இப்போதுதான் முப்பதைத் தாண்டிய நிவேதா, நின்றிருந்தாள். சாவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பதினாறு நாளும் அழுது அழுது முகம் வீங்கி, சரியாகச் சாப்பிடாமல், கண் மூடாமல் கிடந்தவள். முந்தின நாள் காரியம் முடிந்ததும் வேலுத்தாய்தான் அவளிடம் போய்ப் பக்குவமாகப் பேசி, முகாமில் வந்து சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். சும்மா என்றுதான் சொன்னாள். இந்த நிலையில் இருக்கிற யாருக்கும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். டாக்டர் அன்வர் புண்ணியத்தில் இப்போது அவளுக்கு எல்லாமே தெரியும்.

நிவேதாவுக்கு அளவு கூடுதலாகத்தான் இருந்தது.

"ஆத்தாடி, இந்த வயசுலயே!" என்றாள் ஜெபமலர். "அம்மாவுக்கும் இருந்துச்சுல்ல, பரம்பரை. இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

நிவேதா வேலுத்தாயின் பக்கம் திரும்பினாள். "அத்தை, நெசமாவே எனக்குக் கொதிப்பு இருக்கா? அழுதுக்கிட்டே இருந்தேன், அதனால ஏறியிருக்குமோ?"

அய்யாத்துரை வேனில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு மறு காலைத் தூக்க முடியாமல் நின்றார். டிரைவர் இறங்கி வந்து அவரை அணைத்துத் தூக்கினார். இரக்கம் என்று ஒன்று வேலுத்தாயிடம் இல்லாமல் இல்லை. அது முழுக்க அந்த வேன் படியில் போய் நின்றுவிட்டது.

"மெஷின் பொய் சொல்லாதுத்தா" என்றாள்.

ஜெபமலர் காறை எலும்புக்குக் கீழே துடைத்துப் பொட்டை ஒட்டினாள். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தாள். நிவேதா முதல் மாத்திரையை அங்கேயே பிரித்து வாயில் போட்டு, வேலுத்தாய் நீட்டிய தண்ணீரைக் குடித்தாள். பிறகு அட்டையைத் தாலிக்கயிறு மாதிரி பத்திரமாக உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"எங்கம்மா ஏமாத்திட்டா அத்தை" என்றாள். கண் மறுபடியும் நிறைந்துவிட்டது. "கொதிப்பு ஏறி விழுந்தான்னு ஊரே சொல்லுது. ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாள்ல? நான் அப்படி இருக்க மாட்டேன். ஒரு நாள் விட மாட்டேன். உங்களுக்கு என்னால கெட்ட பேரு வராது."

உலகம்மாள் ஒரு நாள்கூட விட்டதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் வேலுத்தாய் வாயைத் திறந்தாள். வேன் புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது.

"திருப்பூருக்குத் திரும்பிப் போறியாத்தா?" என்று கேட்டாள்.

"இல்லத்தை. அம்மா இருந்த வீட்டை விட்டுட்டுப் போக மனசு வரல. அவரும் இங்கேயே வந்துருதேன்னு சொல்லிட்டாரு. மிட்டாய்க் கம்பெனி முதலாளி அம்மா பாத்த வேலையையே எனக்குத் தாரேன்னு சொல்லியிருக்காக. பாகு காய்ச்சுறது எனக்கும் தெரியும், சின்னதுல அம்மாகூட நின்னு பாத்துருக்கேன். நாளைக்கே வரச் சொல்லுதாக."

வேலுத்தாய் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். காய்ந்து சிக்குப் பிடித்த முடி. எண்ணெய் வைக்க வேண்டும்.

"நல்லாச் சாப்பிட்டு, மாத்திரையப் போட்டுட்டுப் போ" என்றாள்.